வாந்தி வராமல் ஓங்கரித்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: எங்கள் ஆட்டுப் பட்டிக்கு வாங்கிய ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிக்கு ஐந்து மாதம் ஆகிறது. ஒரு காது நிமிராததால் கால்சியம் சிரப் கொடுக்கிறோம். முட்டை, கறி கொடுத்தால் சிறுநீரகம் கெடும் என்று இணையத்தில் படித்தோம். குட்டிப் பருவம் முதல் முதுமை வரை எப்படி உணவளிப்பது? முன்பு இருந்த நாய் எட்டு வயதில், இரவு சாப்பிட்ட பின் வயிறு ஊதி, வாந்தி எடுக்க முயன்று முயன்று, விடிவதற்குள் இறந்துவிட்டது. ஓம வாட்டர் கொடுத்தும் பயனில்லை.

பதில்: உங்களை உறங்கவிடாதது காதோ முட்டையோ அல்ல, அந்த இரவுதான். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அது இரைப்பை முறுக்கமாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். வாயுவால் உப்பிய இரைப்பை தன் அச்சிலேயே திரும்பிக்கொள்ளும்போது மேல்வாயும் கீழ்வாயும் அடைபட்டு, உள்ளே இருப்பது எந்தப் பக்கமும் வெளியேற முடியாமல் போகிறது. இதயத்துக்குத் திரும்ப வேண்டிய இரத்தமும் தடைப்படுகிறது. அதனால்தான் நாய் கழுத்தை நீட்டி, வயிற்றை எக்கி எக்கி ஓங்கரித்தும் நுரைத்த எச்சிலைத் தவிர எதுவும் வருவதில்லை. நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து படுக்கும். விலா எலும்புக்குப் பின்னால் தட்டினால் பெரும்பாலும் மத்தளம் போல் ஒலிக்கும், ஆனால் மார்பு ஆழமான நாய்களில் வீக்கம் விலாவுக்குள் மறைந்திருக்கலாம் என்பதால் வயிறு ஊதட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஓம வாட்டர், சோடா, வாயு மாத்திரை எதையும் வாயில் ஊற்றவோ திணிக்கவோ வேண்டாம். அடைபட்ட இரைப்பைக்கு மருந்து போய்ச் சேராது, நுரையீரலுக்குள் இறங்கும் அபாயம்தான் உண்டு. ஓங்கரிப்பு தொடங்கிய சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் பெரும்பாலான நாய்கள் பிழைத்துவிடுகின்றன.

செம்மறி மேய்க்கும் நாய்களிலிருந்து 1899 முதல் ஜெர்மனியில் வளர்த்தெடுக்கப்பட்ட இந்த இனத்துக்கு ஆழமான மார்பு இயல்பு. ஆகவே ஆபத்தும் கூடுதல், வயது ஏற ஏற அது வளரவும் செய்யும். நாள் முழுவதும் மேய்ச்சலில் ஓடிவிட்டு வந்த நாய்க்கு ஒரே வேளையாக வட்டில் நிறையச் சோறு வைப்பதும், அது அவசரமாக விழுங்குவதும் அந்த ஆபத்தை இன்னும் கூட்டும். இப்போது மூன்று வேளையாகவும், ஆறு மாதத்துக்குப் பின் வாழ்நாள் முழுவதும் இரண்டு வேளையாகவும் பிரித்துக் கொடுங்கள். வேலை முடிந்து மூச்சிரைப்பு அடங்கிய பிறகே பெரிய வேளையை வையுங்கள். கருத்தடை அறுவை சிகிச்சையின்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிட்டால் முறுக்கம் ஏற்படும் வாய்ப்பு மிகவும் குறையும் என்பதால், அதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

கால்சியம் சிரப்பை இன்றே நிறுத்துங்கள். பல் விழுந்து முளைக்கும் நான்கு முதல் ஆறு மாதங்களில் காது நிமிர்வதும் சரிவதும் சாதாரணம். காதைத் தாங்குவது குருத்தெலும்பு, அதற்கும் இந்தப் பாட்டிலுக்கும் தொடர்பில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடல், வேண்டாத கால்சியத்தை ஒதுக்கத் தெரியாமல் உறிஞ்சிவிடுவதால், வேகமாக வளரும் எலும்பும் மூட்டும் கோணலாகலாம். பெரிய இனக் குட்டிகளுக்கான தயாரிப்பு உணவு கொடுப்பவராக இருந்தால் தேவையானது அதிலேயே இருக்கிறது. வெறும் சோறும் கறியும்தான் என்றால் கால்சியம் உண்மையிலேயே குறையும். அப்போதும் கடைக்காரர் சொன்ன அளவை நம்பாமல், என்ன கொடுக்கிறீர்கள் என்று எழுதி எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

வேகவைத்த முட்டையும் கறியும் நல்ல சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. முதுமையிலும் இரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்தாலன்றிப் புரதத்தைக் குறைக்க வேண்டாம்; குறைத்தால் தசைதான் கரையும். எந்த வயதிலும், விலா எலும்பு கண்ணுக்குத் துருத்தாமல் கைக்குத் தட்டுப்படும் அளவில் உடல் இருக்கட்டும். மேய்ச்சல் கடுமையான நாட்களில் உணவைக் கூட்டி, மழைக்கு அடைந்து கிடக்கும் நாட்களில் குறையுங்கள். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், 48 லாப்ரடார் நாய்களில் கால்பங்கு குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன.

உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரத்தில், இரவில் நாய்களுக்கு வயிற்று அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனை எது என்பதை இந்த வாரமே விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணைப் பட்டியின் கதவில் பெரிதாக எழுதி வையுங்கள்.