மூன்று முறை லிட்டில் ஜான்

கேள்வி: எர்ரல் ஃபிளின் நடித்த 1938-ஆம் வருட ராபின் ஹுட் படத்தை இப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன். ஓடைக்குக் குறுக்கே கிடக்கும் மரத்தின் மேல் நின்றுகொண்டு ராபினோடு கம்புச்சண்டை போடுகிறாரே ஒரு ஆஜானுபாகுவான மனிதர், அவர் யார்?

பதில்: ஆலன் ஹேல். காட்டில் ஒளிந்து வாழும் ராபினின் நெருங்கிய கூட்டாளி லிட்டில் ஜானாக வருகிறார். நீங்கள் இவரைக் கேட்டதே எனக்குச் சந்தோஷம். அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஃபிளினோடும் ஒலிவியா டி ஹாவிலண்டோடும் நிறுத்திக்கொள்வார்கள், மிஞ்சிப்போனால் வில்லனாக வரும் பாசில் ராத்போனின் வாள்வீச்சைச் சொல்வார்கள்.

அந்தக் காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். அதில் ஜெயிப்பது ஹீரோ இல்லை. ராபின் தண்ணீரில் விழுகிறான், ஹேல் மேலே நின்று வயிறு குலுங்கச் சிரிக்கிறார், அந்தச் சிரிப்பில் ஏளனம் துளியும் இல்லாததால்தான் தொப்பலாக நனைந்த ராபினாலும் கூடச் சேர்ந்து சிரிக்க முடிகிறது, கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் கூட்டாளிகள். ராபினை நம்பி ஒரு கூட்டமே காட்டுக்குள் போகும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான். அதைச் செய்தது ஃபிளின் மட்டும் இல்லை, பாதி வேலை ஹேலுடையது.

அந்த வேடம் அவருக்குப் புதிதும் இல்லை. 1922-ல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ராபின் ஹுட்டாக நடித்த மௌனப் படத்திலும் லிட்டில் ஜான் இவரேதான், அப்போது வயது 30. அப்புறம் 1938. மூன்றாவது தடவை 'ரோக்ஸ் ஆஃப் ஷெர்வுட் ஃபாரஸ்ட்', அதில் ஜான் டெரெக் ராபினுடைய மகனாக வருவார், பக்கத்தில் அதே பழைய லிட்டில் ஜான். 1950 ஜனவரியில் தன் 57-ஆவது வயதில் ஹேல் இறந்துவிட்டார், படம் அதற்குப் பிறகுதான் வெளிவந்தது. முதல் படத்துக்கும் இதற்கும் நடுவே 28 வருடம்!

கேள்வி: ஹீரோவின் நண்பனாக மட்டும்தான் நடித்தாரா?

பதில்: இல்லை. மௌனப் பட காலத்தில் வில்லன் வேடமும் போட்டார், 1923-ல் வந்த 'தி கவர்ட் வேகன்' ஓர் உதாரணம். 1934-ல் வந்த 'இட் ஹேப்பன்டு ஒன் நைட்'டில் கிளார்க் கேபிளுக்கும் கிளாடெட் கோல்பெர்ட்டுக்கும் காரில் இடம் கொடுத்து, வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்து, கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் இவர்தான். சில நிமிடம்தான் வருகிறார், ஆனால் மறக்காது.

பிறகு வார்னர் பிரதர்ஸில் ஃபிளினோடு மட்டும் பத்துக்கும் மேற்பட்ட படங்கள். எதில் ஆரம்பிக்கலாம் என்றால் 1940-ல் வந்த 'தி சீ ஹாக்' என்பேன். துடுப்புப் போடும் அடிமைகளாகச் சங்கிலியில் கிடக்கிறவர்கள் இரவில் சத்தமில்லாமல் தப்பிக்கிற பகுதியில், கலகலவென்று சிரித்துப் பழகிய அந்த முகம் வாயை மூடிக்கொண்டு வேலை பார்ப்பதைப் பாருங்கள். இரண்டே வருடத்தில், 'ஜென்டில்மேன் ஜிம்'மில் அதே ஃபிளினுக்கு அப்பா! இரண்டு பேருக்கும் 17 வயதுதான் வித்தியாசம், இருந்தாலும் அப்பா என்றே நம்பினேன். 1948-ல் 'அட்வென்சர்ஸ் ஆஃப் டான் ஜுவான்' வரும்போது ஃபிளின் முகத்தில் களைப்பு தெரிகிறது, வேலைக்காரனாகக் கூடவே வரும் ஹேலிடம் உற்சாகம் அப்படியே இருக்கிறது.

கேள்வி: 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' தொலைக்காட்சித் தொடரில் கப்பல் கேப்டனாக வருகிறவர் இவரா?

பதில்: அது அவருடைய மகன், ஆலன் ஹேல் ஜூனியர். தொடர் வந்தது 1964-ல், அப்பா இறந்து 14 வருடம் கழித்து. உடம்பும் முகமும் சிரிப்பும் அச்சு அசல் அப்பாதான், அதனால் குழப்பம் வருவது இயல்பு. 1939-ல் 'தி மேன் இன் தி அயர்ன் மாஸ்க்' படத்தில் அப்பா போட்ட போர்த்தோஸ் வேடத்தை, அதே கதையை வைத்து எடுத்த 'தி ஃபிப்த் மஸ்கடியர்' படத்தில் மகன் போட்டார், அது 1979.