ஏற்காட்டில் திகில் குறும்படங்கள்: படம் வெளிறுவது ஏன்?

ஏற்காட்டில் தகரக்கூரை அரங்கு ஒன்றில், மே மாதம் மாலை 5 மணிக்குத் திகில் குறும்படங்கள் திரையிடப்போவதாகவும், ஒத்திகையில் படம் வெளிறித் தெரிந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். புரொஜெக்டரைத் திட்டாதீர்கள். அந்த மாதத்தில் 6.30 மணிவரை வெளிச்சம் இருக்கும். பேய்ப்படத்திலோ பாதிக் காட்சி இருட்டு. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டி, 7 மணிக்குத் தொடங்குங்கள்.

எனக்குப் பேயைவிடக் கூரைமேல்தான் பயம். கோடை மழை தகரத்தில் கொட்டினால் கதவு கிறீச்சிடுவதும் மூச்சு வாங்குவதும் யார் காதிலும் விழாது. பின்வரிசைக்கருகிலும் ஒரு ஒலிபெருக்கி வையுங்கள்.

சேலத்துக்காரர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளை இரவில் இறங்கவேண்டும். கடைசி பஸ்ஸுக்கு அரைமணி முன்பே முடித்துவிடுங்கள். தணிக்கைச் சான்றிதழ் பெறாத படங்களைப் பொதுமக்களுக்குக் காட்ட, 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி விலக்கு வாங்கவேண்டும். அதற்கு இன்றே எழுதுங்கள்.