தவிசாளருக்கு எத்தனை தவணை? வரம்பு எழுதுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் இயங்கும் ஒரு பொது அமைப்பினர் நாங்கள். உள்ளூராட்சிச் சட்டங்களைத் திருத்தக் கோரி ஒரு முன்மொழிவு தயாரிக்கிறோம். ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் சபையில் இருக்கக் கூடாது, பதவிக்காலம் ஐந்து வருடமாக வேண்டும் என்று கூட்டத்தில் பலர் சொல்கிறார்கள். பிரதேச சபையே தீர்மானம் போட்டு இதைச் செய்யலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். எப்படி எழுதினால் நிற்கும்?

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். சபைத் தீர்மானத்தாலோ துணை விதியாலோ தவணை வரம்பு கொண்டுவர முடியாது. யார் உறுப்பினராகலாம், யார் ஆகக் கூடாது என்பதை உள்ளூர் அதிகார சபைகள் தேர்தல் கட்டளைச் சட்டம் சொல்கிறது. சபைத் தலைவரான தவிசாளரின் பதவி 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் இருக்கிறது. நகர சபைக்கும் மாநகர சபைக்கும் தனித்தனிக் கட்டளைச் சட்டங்கள் உண்டு. மாகாண சபைக்கும் இதில் கைவைக்க இடமில்லை. அரசியலமைப்பின் ஒதுக்கப்பட்ட நிரலில் உள்ளூராட்சித் தேர்தல்கள் மத்திக்கே விடப்பட்டிருக்கின்றன. ஆக, பாராளுமன்றம் இயற்றும் திருத்தச் சட்டம் ஒன்றே வழி. சபைத் தீர்மானம் ஒரு கோரிக்கையாகப் பதிவில் இருக்கும். அந்த அளவில் அது பயனுள்ளதுதான்.

இன்றைய நிலையில் உள்ளூராட்சிப் பதவி எதற்கும் தவணை வரம்பு கிடையாது. ஜனாதிபதிக்கு இரண்டு தவணை என்ற வரம்பு இருக்கிறது. மாநகர முதல்வருக்கோ தவிசாளருக்கோ இல்லை. பதவிக்காலம் நான்கு வருடம், அமைச்சர் விரும்பினால் இன்னும் ஒரு வருடம் வரை நீடிக்கலாம்.

இந்த நீடிப்பு அதிகாரத்தை விட்டுவிட்டு எழுதும் எந்த முன்மொழிவும் ஓட்டைப் பானைதான். 2018 பெப்ரவரி 10இல் தெரிவான சபைகள் அதே ஆண்டு மார்ச் 20இல் பதவியேற்றன. 2022இல் முடிந்திருக்க வேண்டியவை, வர்த்தமானி மூலம் 2023 மார்ச் 19 வரை நீண்டன. அதற்குள் வர வேண்டிய தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போனது. 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. வாக்கெடுப்பு நடந்தது 2025 மே 6இல், சபைகள் மீண்டும் கூடியது ஜூன் 2 முதல். இடையில் 26 மாதங்களுக்கு மேல் செயலாளர்களும் ஆணையாளர்களுமே சபைகளை நடத்தினார்கள். தெரு விளக்கு எரியவில்லை என்று கேட்க வட்டாரத்தில் ஒரு உறுப்பினர் இல்லை. கல்முனை மாநகர சபைக்கு 2025 மேயிலும் வாக்கெடுப்பு நடக்கவில்லை. முடிவுத் திகதி உறுதியில்லாத தவணையை எத்தனை தடவை என்று எண்ணி என்ன பயன்?

எனவே உங்கள் முன்மொழிவின் முதல் வாசகம் திகதியைப் பற்றியதாக இருக்கட்டும். இந்திய அரசியலமைப்பின் 243E உறுப்புரையைப் பாருங்கள். பஞ்சாயத்தின் ஆயுள் முதல் கூட்டத்திலிருந்து ஐந்து ஆண்டு, 'அதற்கு மேல் இல்லை'. ஆயுள் முடியுமுன் தேர்தல் முடிந்திருக்க வேண்டும். இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல். அப்படி வரும் புதிய சபை எஞ்சிய காலத்துக்கு மட்டுமே இருக்கும். இங்கும் நீடிப்பு அதிகாரத்தை நீக்கச் சொல்லுங்கள். அது கிடைக்காது என்று தோன்றினால், வெள்ளம், தொற்றுநோய் போன்ற அனர்த்தத்துக்கு மட்டும், பாராளுமன்ற அங்கீகாரத்தோடு, 90 நாளுக்கு மேற்படாமல் என்று கேளுங்கள்.

ஐந்து வருடம் வேண்டாம், நான்கே போதும் என்பது எமது கருத்து. சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. 2025 ஜூனில் வந்த தவிசாளர் முதல் ஏழு மாதம் முன்னவர்கள் போட்ட பாதீட்டில்தான் ஓடினார். அவருடைய சொந்தப் பாதீடுகள் 2026, 2027, 2028, 2029 என நான்கு. கடைசியில் பாதிதான் அவர் கையில் செலவாகும். எங்கள் பக்கம் நவம்பரில் மாரி இறங்கினால் ஜனவரி வரை கிரவல் வீதியில் ரோலர் இறக்க முடியாது. வேலைக்கு வசதி பெப்ரவரியிலிருந்து செப்டெம்பர் வரைதான். ஒரு வருடம் மதிப்பீடு, அங்கீகாரம், கேள்விப்பத்திரம் என்று போனாலும் மூன்று கோடை மிஞ்சும். ஒரு வடிகான் திட்டத்தைத் தொடங்கி முடிக்க அது போதும். முடிக்காதவரை மக்கள் மாற்ற ஐந்தாம் வருடம் வரை காத்திருக்கத் தேவையில்லை.

இரண்டு வருடம் மட்டும் என்றால் நிலைமை வேறு. இங்குதான் கிழக்கில் எல்லோரும் அறிந்த வழக்கம் ஒன்றைப் பேச வேண்டும். அறுதிப் பெரும்பான்மை இல்லாத சபைகளில் முதல் இரண்டு வருடம் உங்களுக்கு, அடுத்த இரண்டு எங்களுக்கு என்று கட்சிகள் உடன்பட்டுக்கொள்கின்றன. கட்சிப் பட்டியலிலிருந்து நிரப்பும் ஆசனத்தையும் சுழற்சி முறையில் ஆளுக்கு ஒரு வருடம் என்று பங்கிடுகிறார்கள். திகதி போடாத விலகல் கடிதத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைப்பதும் உண்டு. கையெழுத்திட்டவர் 'நான் விலகவில்லை' என்று சொன்னால் அது நீதிமன்றம் வரை போகும். ஒரு வருடத்துக்கென்று வந்த உறுப்பினர் நிதி விதிகளைப் புரிந்துகொள்ளும் நேரத்தில் வெளியே போகிறார். 25 வீத ஒதுக்கீட்டில் பட்டியலால் உள்ளே வந்த பெண்களுக்கு இப்படி நடக்கும்போது அந்த ஒதுக்கீட்டின் நோக்கமே கெடுகிறது. எங்கள் சபைகளில் பலர் நீண்ட நாள் இருந்ததால் வந்த கேட்டைவிட, போதிய நாள் இராததால் வந்த கேடு பெரிது.

அதனால் சாதாரண உறுப்பினர்களுக்கு வரம்பு வைக்கச் சொல்லாதீர்கள். அதிகாரம் குவிவது அங்கல்ல. பிரதேச சபையின் பிரதம நிறைவேற்று அதிகாரி தவிசாளர்தான். வரம்பு அந்தக் கதிரைக்குப் போதும்.

இரண்டு தொடர் தவணை, அதன் பின் ஒரு முழுத் தவணை இடைவெளி என்பது நியாயமான அளவு. பிலிப்பைன்ஸில் மூன்று வருடத் தவணை மூன்று. தென் கொரியாவில் நான்கு வருடத் தவணை மூன்று. பிரேசிலில் நான்கு வருடத் தவணை தொடர்ந்து இரண்டு. இத்தாலியில் இரண்டு தவணை என்ற விதி இருந்தும், 5,000 பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு 2024இல் வரம்பை நீக்கினார்கள். சின்ன ஊரில் அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதே அங்கு எழுந்த குறை. வாகரை, லகுகல போன்ற சிறிய சபைகளுக்கும் இந்தக் கவலை வரலாம். ஆனால் முழுத் தடை கேட்காமல் ஒரு தவணை இடைவெளி மட்டும் கேட்டால் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எண்ணிக்கை இலேசு. 'ஒரு தவணை' என்றால் என்ன என்று எழுதுவதில்தான் முன்மொழிவுகள் விழுகின்றன. பாதிக்கு மேல் இருந்தால் ஒரு தவணை என்று பல இடங்களில் எழுதுவார்கள். 48 மாதத்தில் பாதி 24. எங்கள் ஊர் உடன்படிக்கையும் சரியாக 24 மாதம்! அந்த விதி வந்தால் இரண்டு பேர் மாறி மாறி ஆயுள் முழுக்க தவிசாளராக இருக்கலாம், ஒரு தவணையும் கணக்கில் ஏறாது. ஆகவே 18 மாதம் என்று வையுங்கள். மூன்று பேர் 16 மாதமாகப் பிரித்தால்? அடுத்தடுத்த சபைகளில் இருந்த துண்டுக் காலங்கள் சேர்ந்து 18 மாதத்தைத் தொட்டால் அதுவும் ஒரு தவணை என்று ஒரு வரி சேருங்கள். தவணையை விட்டு மொத்த மாதத்தையே எண்ணலாமே என்று கேட்பார்கள். அப்போது ஒருவருடைய கணக்கு சபையின் நடுவில் முடியும், பாதீட்டுக்கு முதல் மாதம் புதுத் தவிசாளர் தேட வேண்டி வரும். வேண்டாம்.

வாசகம் ஏறக்குறைய இப்படி அமையலாம்:

'ஒருவர் ஒரே உள்ளூர் அதிகார சபையில் தொடர்ந்து இரண்டு தவணைகள் தவிசாளராக இருந்திருப்பின், அடுத்து அமையும் சபையின் முழுக் காலத்திலும் தவிசாளராகவோ உப தவிசாளராகவோ தெரிவாகத் தகுதியற்றவர். 18 மாதம் அல்லது அதற்கு மேல் பதவி வகித்தது ஒரு தவணையாகும். அடுத்தடுத்த சபைகளில் வகித்த துண்டுக் காலங்கள் சேர்ந்து 18 மாதமானாலும் அது ஒரு தவணையாகும். தாமாக விலகுவது தொடர்ச்சியை முறிக்காது. சபை கலைந்திருந்த அல்லது அமையாதிருந்த காலம் இடைவெளியாகக் கொள்ளப்படாது.'

விலகல் பற்றிய வரி பிலிப்பைன்ஸ் அரசியலமைப்பில் இருப்பதே. அது இல்லாவிட்டால் முடிவுக்கு ஒரு வாரம் முன் விலகிவிட்டு புதிதாக எண்ணச் சொல்வார்கள். கடைசி வரி எங்களுக்கென்றே தேவையானது. இல்லையேல் 2023க்கும் 2025க்கும் இடைப்பட்ட அந்த வெற்றுக் காலத்தையே ஒருவர் 'நான் ஓய்வில் இருந்தேன்' என்று காட்டலாம். உப தவிசாளர் பதவியைச் சேர்க்காவிட்டால் பழையவர் அங்கே அமர்ந்து அதே கோப்புகளைப் பார்ப்பார்.

சபை பிரிந்தாலோ தரமுயர்ந்தாலோ கணக்கு தொடரும் என்றும் எழுதுங்கள். சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்து பிறகு நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். இப்படியான கோரிக்கைகள் அம்பாறைக் கரையோரத்தில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பெயர் மாறியது, ஆகவே தவணை புதிது என்று வாதிட இடம் விடக் கூடாது.

மனைவியையோ மகனையோ நிறுத்தினால் என்ன செய்வது என்று நிச்சயம் கேட்பார்கள். பிலிப்பைன்ஸில் வரம்பு வந்த பிறகு குடும்பத்தார் மாறி மாறி நிற்பது பரவலான குறைபாடாகவே பேசப்படுகிறது. உறவினர் தடையை இந்தத் திருத்தத்தில் நுழைக்காதீர்கள். அது தேர்தலில் நிற்கும் உரிமையோடு நேரே மோதி, முழு முன்மொழிவையும் சிக்கலில் தள்ளும்.

சட்டம் வரும் வரை கட்சி யாப்பு வழியாக ஒன்று செய்யலாம். அறுதிப் பெரும்பான்மை பெற்ற கட்சிதான் தவிசாளரை முன்மொழிகிறது. மற்றச் சபைகளிலும் கட்சிகளே பெயரைத் தீர்மானிக்கின்றன. கட்சி உறுப்புரிமை போனால் சபை ஆசனமும் போகும் என்பதால் யாப்பில் எழுதிய வரம்புக்குப் பல் உண்டு. அடுத்த வேட்புமனுக் காலத்துக்கு முன் உங்கள் தொகுதியில் வேலை செய்யும் எல்லாக் கட்சிக் கிளைகளிடமும் ஒரே வாசகத்தைக் கொடுத்து எழுத்தில் பதில் கேளுங்கள்.

முன்மொழிவில் கட்டாயம் இருக்க வேண்டிய இன்னொன்று: எண்ணிக்கை அடுத்த பொதுத் தேர்தலில் அமையும் சபையிலிருந்தே தொடங்கும் என்ற இடைக்கால ஏற்பாடு. பழைய தவணைகளையும் சேர்த்து எண்ணச் சொன்னால் இன்று கதிரையில் இருக்கும் ஒவ்வொருவரும் இதைத் தன்னை நோக்கி எறிந்த கல்லாகவே பார்ப்பார். அவர்களுடைய கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் ஆதரவு கிடைக்காது. பிரதியை உள்ளூராட்சி விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சுக்கும், மட்டக்களப்பு, திகாமடுல்ல (அம்பாறை) தேர்தல் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். தமிழ்ப் பிரதியோடு சிங்களப் பிரதியும் போகட்டும். இரண்டிலும் '18 மாதம்' என்ற இடம் ஒத்திருக்கிறதா என்று சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு சரிபார்த்த பிறகே கையெழுத்துச் சேகரிக்கத் தொடங்குங்கள்.