ஈறுப் பையில் நீலச் சாயமும் சிவப்பு ஒளியும்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. ஈறில் சீழ் வருகிறது. சுத்தம் செய்தபின் நீலச் சாயம் விட்டு லேசர் காட்டினால் கிருமியின் நச்சும் அழியும் என்கிறார் பல் மருத்துவர். உண்மையா? ஆன்டிபயாடிக் வேண்டாமா?

பதில்: உண்மைதான். ஆனால் சாயமும் ஒளியும் சேர்ந்து எட்டும் இடத்தில் மட்டும்.

ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும். ஆனால் கிருமி விட்டுப்போன நச்சை ஒன்றும் செய்யாது. ஈறுநோய்க் கிருமிகளின் மேலுறையில் இருக்கும் எண்டோடாக்சின், கிருமி செத்து உடையும்போது இன்னும் அதிகமாகவே வெளியே வரும். கொதிக்க வைத்தாலும் எளிதில் அழியாது. அதற்கு எதிர்மின்னேற்றம், மெத்திலீன் நீலத்துக்கு நேர்மின்னேற்றம். அதனால் சாயம் போய் ஒட்டிக்கொள்கிறது. 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளி பட்டதும், அருகிலுள்ள ஆக்சிஜன் வீரியமாகி நச்சைச் சிதைக்கிறது. அந்த வீரியம் சில மைக்ரோ விநாடிதான். ஒரு கிருமியின் அகலத்தைக்கூடத் தாண்டாது. சாயம் தொடாத நச்சு தப்பிவிடும் என்பதற்கு இதுதான் காரணம்.

முதலில் ஸ்கேலிங்கும் (பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது) வேர்ப்பரப்புச் சுத்தமும். பிறகு ரத்தக் கசிவு நிற்க வேண்டும். அவசரப்பட்டால் ரத்தம் சாயத்தைக் கழுவிவிடும், ஒளியையும் மறைக்கும். மழுங்கிய ஊசியால் ஈறுப் பையின் (ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விழுந்த இடைவெளி) அடியிலிருந்து மேலாகச் சாயம் விட்டு, 1 முதல் 3 நிமிடம் பொறுத்து, மிச்சத்தை அலசிவிட வேண்டும். அலசாவிட்டால் தேங்கிய சாயமே ஒளியைக் குடித்துவிடும். ஒவ்வொரு பைக்கும் சுமார் 1 நிமிடம் ஒளி. அப்பாவுக்கும் லேசர் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுவிடச் சொல்லுங்கள்.

இது ஸ்கேலிங்குக்கு மாற்று அல்ல. சேர்த்துச் செய்வதால் வரும் கூடுதல் பலன் சிறியது, ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. சர்க்கரை கட்டுக்குள் வராமல் எந்த ஒளியும் ஈறைக் காக்காது, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். முகவீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். அப்போது ஆன்டிபயாடிக் தேவைப்படும். ரத்தத்தில் கலந்த நச்சுக்கு இந்த முறை உதவாது. டெட்டனஸ், டிப்தீரியாவுக்கு நச்சுமுறி மருந்துதான்.

ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகளால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும் பிறவிக் குறை) இருந்தாலோ, மனச்சோர்வு மாத்திரை எடுத்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். மெத்திலீன் நீலம் இரண்டோடும் ஒத்துப்போகாது. மீன்தொட்டிக்கு விற்கும் நீலத்தையும் லேசர் பாயின்டரையும் வைத்து வீட்டில் தயவுசெய்து முயல வேண்டாம்.

சிகிச்சைக்கு முன் ஒவ்வொரு பையின் ஆழத்தையும் மில்லிமீட்டரில் எழுதி வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து அதே பற்களை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.