பனிக்கட்டி மிதக்கிறது, உறைந்த தேங்காய் எண்ணெய் மூழ்குகிறது. மகனுக்கு எப்படி விளக்குவது?

கேள்வி: "திடப்பொருளில் துகள்கள் நெருக்கமாக இருக்கும் என்று என் மகனின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அப்படியென்றால் பனிக்கட்டி ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்று கேட்கிறான். என்ன சொல்வது?"

முதலில், அவனை "புத்தகத்தில் இருக்கிறதைப் படி" என்று அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் அப்படிச் செய்பவராக இருந்தால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள், தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அது நடந்திருக்கிறது.

புத்தகம் சொல்வது பெரும்பாலான பொருள்களுக்குச் சரி. தண்ணீர் ஒரு விதிவிலக்கு. ஆகவே விதிவிலக்கை விளக்குவதற்கு முன்னால், விதிக்குக் கட்டுப்பட்ட ஒரு பொருளை அவன் கண்ணால் பார்க்கட்டும். உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, தேங்காய் எண்ணெய்.

எங்கள் ஊர் குமுளி. கம்பத்திலிருந்து மலையேறினால் கேரளத்தின் முதல் ஊர். அப்பா அங்கே சின்னதாக எண்ணெய்க் கடை வைத்திருந்தார். கம்பத்துச் செக்கிலிருந்து டின்னில் எண்ணெய் வரும், கடையில் பாட்டிலில் ஊற்றி விற்பார். கம்பம் ஏறக்குறைய 400 மீட்டர் உயரம், குமுளி 900. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். மார்கழி, தை மாதங்களில் கீழே தெளிவாக ஏற்றிய எண்ணெய், ஒரு ராத்திரி எங்கள் கடையில் இருந்தால் வெள்ளையாகிவிடும்.

அந்தக் குளிரில்தான் சண்டையும் வரும். ஒருநாள் எஸ்டேட்டிலிருந்து வந்த அக்கா ஒருவர், முந்தின நாள் வாங்கிய பாட்டிலைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். "என்ன அண்ணே, மெழுகைக் கலந்திட்டீங்களா? அளவும் குறையுது." உண்மையாகவே குறைந்துதான் தெரிந்தது. கழுத்து வரை ஊற்றிய எண்ணெய் கீழே இறங்கி, நடுவில் விரல் நுழையும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. அப்பா எதுவும் பேசவில்லை. பாட்டிலைத் தராசில் வைத்து எடையைக் காட்டினார். அப்புறம் வாசலில் வெயிலில் வைத்துவிட்டு, அவரை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். ஓரங்கள் முதலில் கண்ணாடி மாதிரி தெளிந்தன, பிறகு குழி மறைந்தது, மட்டம் மெல்ல ஏறிப் பழைய கழுத்துக்கே வந்தது. மறுபடி எடை போட்டார். அதே எடை. "எடை மாறலம்மா, இடம்தான் சுருங்குது" என்றார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அடர்த்தி என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

உறையும்போது துகள்கள் அடுக்காக நெருங்கி உட்கார்கின்றன, அதனால் இடம் குறைகிறது. பாட்டிலின் ஓரம் முதலில் உறைந்து நின்றுவிடுகிறது, நடுவில் மிச்சமிருக்கும் திரவம் கடைசியாகச் சுருங்குவதால் குழி விழுகிறது. துகள் ஒவ்வொன்றும் சிறுத்துவிடுவதில்லை, இடைவெளிதான் குறைகிறது. மகனிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள், நிறையப் பிள்ளைகள் இங்கேதான் தவறுகிறார்கள்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது பரீட்சையில் ஒரு கேள்வி. ஒரு பொருளின் திடநிலை அதன் திரவத்தில் மிதக்குமா, மூழ்குமா? நான், "பொருளைப் பொறுத்தது. பனிக்கட்டி மிதக்கும், தேங்காய் எண்ணெய்க் கட்டி மூழ்கும்" என்று எழுதினேன். சிவப்பு மையில் பெருக்கல் குறி. "பனிக்கட்டி மிதக்குதில்ல? எண்ணெய் எங்கிருந்து வந்துச்சு?" என்று ஆசிரியர் கேட்டார். மறுநாள் பாட்டிலோடு போனேன். பாடம் முடிக்க வேண்டும், நேரமில்லை என்று சொல்லிவிட்டார். வகுப்பே சிரித்தது. இருபது வருடமாகியும் அது எனக்கு ஆறவில்லை. ஆசிரியரை மட்டும் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்த வருடம் பாதி வரை எங்களுக்கு அறிவியலுக்கு ஆளே இல்லை, அவசரமாக முடிக்க வேண்டிய நிலைமை அவருக்கு. கேரளத்தில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது புரியும். மேலே எங்களைப் பாண்டி என்பார்கள், கீழே இறங்கினால் மலையாளத்துப் பிள்ளை என்பார்கள். பாடம் நடத்த ஆள் வேண்டும் என்று கேட்டால் மட்டும் இரண்டு பக்கமும் நாங்கள் யாருமில்லை.

சரி, பனிக்கட்டிக்கு வருகிறேன். நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பு என்ற ஈர்ப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. திரவமாக இருக்கும்போது அந்தப் பிடி அறுந்து அறுந்து சேர்வதால், இடுக்குகளில் புகுந்து நெருங்க முடிகிறது. உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பக்கத்து மூலக்கூறுகளை நிலையாகப் பிடித்து, நடுவில் வெற்றிடம் விட்ட அறுகோண அடுக்காக நின்றுவிடுகிறது. அதனால் இடம் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. பனிக்கட்டியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.917 கிராம், தண்ணீருக்கு 1 கிராம். அதனால் மிதக்கிறது. இப்படி நடந்துகொள்ளும் பொருள்கள் வேறும் உண்டு, பிஸ்மத், காலியம் என்ற உலோகங்களும் அப்படித்தான்.

வேதியியல் படித்தவர்கள் வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெய் ஒரே பொருள் அல்ல, பல கொழுப்புகளின் கலவை. பனிக்கட்டி மாதிரி ஒரே வெப்பநிலையில் உருகாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உருகும். அப்புறம், உறைந்தால் சுத்தமான எண்ணெய் என்று வாட்ஸப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். பாமாயில் மரத்துக் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயும் ஏறக்குறைய அதே குளிரில் உறையும். இன்னொன்று, லிட்டரும் கிலோவும் ஒன்றல்ல. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் 910, 920 கிராம்தான் இருக்கும். 15 கிலோ டின்னில் 16 லிட்டருக்கு மேல் வரும். "லிட்டருக்குக் காசு வாங்கிட்டு ஒரு கிலோ தரல" என்று அப்பாவைத் திருடனாக்கியவர்கள் உண்டு. இங்கே பதில் எழுதும் சிலரும் அதே தவறைச் செய்வதைப் பார்த்தேன்.

வீட்டில் செய்து பார்ப்பதற்கு, ஒரு கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி ஃப்ரிட்ஜில் மெதுவாக உறைய விடுங்கள். கலக்க வேண்டாம், உள்ளே காற்றுக்குமிழ் மாட்டினால் கட்டி மிதந்து ஏமாற்றிவிடும். உறைந்ததில் ஒரு ஸ்பூன் வெட்டியெடுத்து, அறைச் சூட்டில் உருகி நிற்கும் எண்ணெய் உள்ள கண்ணாடி டம்ளரில் போடுங்கள். பக்கத்திலேயே இன்னொரு டம்ளரில் தண்ணீரும் பனிக்கட்டியும் இருக்கட்டும். கட்டி நிதானமாகத்தான் இறங்கும், அவன் டம்ளரை ஆட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.