குண்டு அழுத்தும் டை வாங்கும் முன் ஒரு நிமிடம்: சட்டத்தில் அந்த டையும் தோட்டாதான்

கேள்வி: கோவையில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா வழியில் வந்த .315 ரைபிளுக்கு இப்போது என் பெயரில் உரிமம் உள்ளது. தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை. தோட்டாவின் முனையில் இருக்கும் செப்பு உறை போட்ட குண்டுகளை வீட்டிலேயே அழுத்திச் செய்வதை அமெரிக்க வீடியோக்களில் பார்த்தேன். அதற்கான டை (உலோகத்தை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு) செட் அங்கே கிடைக்கிறது. மூன்று டை உள்ள செட் போதுமா, கூடுதல் டை உள்ளதை வாங்க வேண்டுமா? வரவழைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். அது சரிப்படாவிட்டால் என் லேத்திலேயே கடைந்துகொள்ளலாமா?

பதில்: எந்த செட்டும் வேண்டாம். லேத்திலும் கடையாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே ஆர்டரை ரத்து செய்யுங்கள்.

நீங்கள் பார்த்த வீடியோக்கள் பொய் இல்லை. அங்கே இது பழைய பொழுதுபோக்கு. 1943இல் கலிபோர்னியாவில் ஃபிரெட் ஹன்டிங்டன் என்பவர், சுட்டு முடித்த .22 தோட்டாவின் காலி உறையையே குண்டுக்கு மேலுறையாக்கும் டைகளைச் செய்தார். போர்க்காலத்தில் கடையில் குண்டு கிடைக்காததுதான் காரணம். தோட்டா செய்யும் கருவிகளை விற்கும் இன்றைய ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் பெயரே அந்த டையின் பெயரிலிருந்து வந்ததுதான். அங்கே சொந்த உபயோகத்துக்குக் குண்டு செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பனைக்குச் செய்தால்தான் வேண்டும். அதனால் அவர்கள் கேமரா முன்னால் தாராளமாகப் பேசுகிறார்கள். கோவையில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போதுதான் சிக்கல்.

நம் ஆயுதச் சட்டம் 1959ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 2ஆவது பிரிவு, ‘தோட்டா’ (ammunition) என்றால் என்னென்ன என்று பட்டியல் போடுகிறது. அதில் ஒரு வரி: தோட்டாவின் பாகங்களும், தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களும். கவனியுங்கள். மருந்து நிரப்பிய முழுத் தோட்டா மட்டுமல்ல, அதன் முனையில் உட்காரும் குண்டும் தோட்டா. அந்தக் குண்டைச் செய்யவென்றே வடித்த கருவியும் தோட்டா. உங்கள் லேத் பொதுவான இயந்திரம், அதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதில் குண்டின் அளவுக்கு ஒரு டை கடைந்த நிமிடமே நீங்கள் ‘தோட்டா தயாரித்தவர்’ ஆகிவிடுகிறீர்கள். ஒரு குண்டுகூட அழுத்தியிருக்க வேண்டாம்.

உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு சிறை. தயாரித்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். கையில் ரைபிள் உரிமம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது ரைபிளை வைத்துக்கொள்ளவும், குறித்த எண்ணிக்கையில் தோட்டா வாங்கவும் தந்த உரிமம். தயாரிப்புக்கு 5ஆவது பிரிவின் கீழ் தனி உரிமம் வேண்டும்.

‘தோட்டா செய்யும் இயந்திரமும் தோட்டாதான்’ என்ற அந்த ஒற்றை வரியை உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் தமிழில் எழுதி மாட்டினால் எத்தனை குடும்பம் தப்பும்! புதுப்பிக்க நாலு தடவை அலைய வைக்கிறார்கள், எதைச் செய்யக் கூடாது என்று ஒரு தடவையும் சொல்வதில்லை. அறுபது வருடத்துக்கு மேலாக அந்த வரி சட்டத்தில் இருக்கிறது, உரிமம் வைத்திருப்பவருக்கே தெரியாது.

அந்த இடைத்தரகர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கவலை தருவது அவர்தான். நான் வழக்கறிஞர். இப்படிப்பட்ட ஒருவர் கொடுத்த பில் என் கட்சிக்காரர் ஒருவரின் வழக்குக் கோப்பில் இருந்தது: ‘ஸ்டீல் புஷ், 3 எண்ணம், மெஷின் ஸ்பேர்’. பார்சலின் மேல் பெறுநர் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் கட்சிக்காரருடையது. தரகரின் பெயர் எங்கேயும் இல்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவர 10ஆவது பிரிவின்படி இறக்குமதி உரிமம் வேண்டும். பொருளுக்குப் பொய்ப் பெயர் போட்டு வந்தால் சுங்கச் சட்ட வழக்கும் கூடவே சேரும். மாட்டினால் ‘அவர் கேட்டார், வாங்கித் தந்தேன்’ என்று கைகழுவிவிட்டுப் போவார்.

இன்னொரு வித்தையும் சொல்வார்கள்: ‘ஒவ்வொரு டையையும் வேறு வேறு பெயரில் வரவழைத்தால் அது சின்னப் பாகம்தானே, சட்டமே விலக்கு தருகிறது.’ அரைகுறையாகப் படித்தது இது. 45ஆவது பிரிவில் (டி) என்றொரு விலக்கு இருப்பது உண்மை. தோட்டாவின் சிறு பாகங்களை, மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாமல் ஒருவர் வைத்திருந்தால் சட்டம் பாயாது. விமான நிலையத்தில் பையின் ஓரத்தில் ஒற்றைத் தோட்டா சிக்கியவர்களின் வழக்குகள் சிலவற்றை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் இந்த வகையில்தான். பையில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது, சுடத் துப்பாக்கியும் கிடையாது. ஆனால் அந்தப் பிரிவை முழுதாகப் படியுங்கள். சேர வேண்டிய மற்ற பாகங்கள் ‘அவரிடமோ வேறு எவரிடமோ’ இருந்தாலும் விலக்கு போய்விடும். ஒரு டை உங்களிடம், இன்னொன்று மைத்துனரிடம், மூன்றாவது நண்பரிடம் என்றால் மூன்று பேரும்தான் மாட்டுவீர்கள். அதோடு, உங்கள் பீரோவில் ரைபிள் இருக்கிறது, ஆர்டர் போட்ட மெசேஜ் போனில் இருக்கிறது. ‘தெரியாமல் வந்தது’ என்று உங்களால் சொல்ல முடியாது.

சரி, இப்போது என்ன செய்வது? பார்சல் கிளம்பவில்லை என்றால் ரத்து செய்யச் சொல்லி எழுத்தில் அனுப்பி, பதிலைப் பத்திரமாக வையுங்கள். கிளம்பிவிட்டது என்றாலோ ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது என்றாலோ கிணற்றில் போடாதீர்கள், வேறு யாரிடமும் தள்ளிவிடாதீர்கள். தடயத்தை மறைத்தது என்று இன்னொரு பிரிவு சேரும். நேராகக் காவல் நிலையத்துக்கும் தனியாகப் போக வேண்டாம். குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரிடம் உரிமப் புத்தகத்தோடு முதலில் போங்கள். எந்த மனுவோடு எங்கே ஒப்படைப்பது என்று அவர் முடிவு செய்யட்டும். பட்டறையில் இதற்காக வரைபடம் ஏதாவது போட்டிருந்தால் அதையும் அவரிடம் காட்டுங்கள். வேலை செய்யும் பையன்களிடம் ‘இதைக் கடைந்து பாரு’ என்று சொல்லியிருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். டையைத் தொட்டவன் என்று அவன் பெயரும் எஃப்.ஐ.ஆரில் வரும்.