வக்காலத்து யார் தந்தது?

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு ஊர் கருங்கல் பக்கம். நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறேன். அம்மா இருபது வருடமாக அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிற்சாலையில், வேலை பார்க்கிறாள். அங்கே பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை இல்லை. அதனாலேயே அம்மா காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டாள். பொறுக்க முடியாமல் ஒருநாள் ஃபேஸ்புக்கில் கம்பெனி பெயரைப் போட்டே எழுதிவிட்டேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். மறுநாள் சூப்பர்வைசர் அம்மாவையும் இன்னும் நான்கு பேரையும் கூப்பிட்டு, யார் வெளியே சொன்னது என்று மிரட்டியிருக்கிறார். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், "எங்களுக்கு வக்காலத்து வாங்க ஒனக்க கிட்ட யாரு பிள்ளே சொன்னா?" என்று கேட்டாள். பிறருக்காகக் குரல் கொடுப்பது தப்பா அண்ணா? நான் பேசாமல் இருந்திருக்க வேண்டுமா?

ஒரு வாசகி, கருங்கல்

*

அன்புள்ள தங்கைக்கு,

பேசாமல் இருந்திருக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அம்மா தண்ணீர் குடிக்காமல் வேலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மகள் எப்படிப் பேசாமல் இருப்பாள்? ஆனால் அம்மா கேட்ட கேள்வியையும் திட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்.

வக்காலத்து என்பது கோர்ட்டில் ஒரு தாள். வழக்குக்காரர் அதில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, என் சார்பில் இவர் பேசலாம் என்று எழுதித் தருகிறார். அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிறகுதான் வக்கீல் அவருக்காக வழக்கை நடத்துகிறார். வேண்டாம் என்று தோன்றினால் நீதிமன்றத்தின் அனுமதியோடு வழக்குக்காரர் அதை ரத்து செய்யவும் முடியும். அந்தச் சொல் வீட்டுப் பேச்சுக்கு வந்தபோது தாளும் கைநாட்டும் உதிர்ந்துவிட்டன. 'அவனுக்கு ஏன் வக்காலத்து வாங்குற' என்ற ஏச்சு மட்டும் மிச்சம். உங்கள் அம்மா அந்தக் கைநாட்டைத்தான் கேட்கிறார். நீங்கள் எழுதியது உண்மை. ஆனால் அதற்கான விலை அந்த ஐந்து பெண்களின் கூலியிலிருந்து போகும். அப்படியிருக்க, எழுதலாமா என்று அவர்களிடம் கேட்டீர்களா?

நானும் இதில் தவறியவன். சில வருடங்களுக்கு முன்பு நம் மேற்குக் கரையில் ஒரு மீனவ ஊரில் கடல் அரிப்பால் வீடுகள் விழுந்தன. ஆனி ஆடியில் அலை நடுவீடு வரை வந்தது. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு வேண்டும் என்று ஊரார் கேட்டார்கள். அவர்களுக்காக நான் கூட்டங்களில் பேசினேன், பத்திரிகைகளில் எழுதினேன், குறைதீர்க்கும் நாளில் அவர்களோடு வரிசையில் நின்றேன். பிறகு கல் வந்தது, வளைவும் வந்தது. அந்த ஊரில் மணல் சேர்ந்தது. எனக்கு மாலை போட்டார்கள்.

அடுத்த ஆடியில் பக்கத்து ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அங்கே கரையே இல்லை. கடலோரமாக நகர்ந்துபோகும் மணலைத் தூண்டில் வளைவு தடுக்கும். ஒரு பக்கம் சேர்கிற மணல் அடுத்த பக்கத்துக்குப் போகாது. இது கரையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், எனக்கும் தெரியும். கட்டுமரம் வைக்க இடமில்லாமல் அதை வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்களே, நீ எழுதுனத பேரன் வாசிச்சுக் காட்டினான். நல்லா எழுதியிருந்த. எங்க கரையும் இங்கதான கெடந்தது, ஒரு நடை வந்து பாத்தியா?" என்றாள்.

அவள் குரலில் கோபமே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் ஊருக்காகப் பேசியது தப்பில்லை, அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டவர்கள். ஆனால் நான் கேட்டு வாங்கிய கல் யாருடைய மணலை நிறுத்தும் என்று விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை. அப்புறம் இரண்டு ஊர்ப் பெரியவர்களையும் ஒன்றாக உட்காரவைக்க ஆறு மாதம் அலைந்தேன். முழுக் கரையையும் ஒன்றாக ஆராய்ந்து திட்டம் போட வேண்டும் என்று இருவரும் சேர்ந்து மனு கொடுத்தார்கள். அந்த மனுவில் என் கையெழுத்து இல்லை.

2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் உங்களுக்கு நினைவிருக்கும். கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவில்லை. டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான கடற்கரை மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று ஊர் ஊராக வந்திருந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். அங்கே கேட்டதில் என் மனதில் நிற்பது ஒரு கோரிக்கை: தேடப் போகிற கப்பலில் எங்கள் ஆட்களையும் ஏற்றுங்கள். ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போகிறவனுக்குத்தான் படகு எந்தப் பக்கம் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று தெரியும். அழுகைக்கு நடுவில் அவ்வளவு துல்லியமாகக் கேட்டார்கள். வெளியே இருந்து எழுதிய எங்களில் பலர் அரசைத் திட்டிப் பக்கம் பக்கமாக எழுதினோம். அந்த ஒரு வரியை முதல் பத்தியில் வைத்தவர்கள் குறைவு. நான் வைக்கவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

உங்கள் பாட்டியின் பாட்டி காலத்துக்குப் போனால், மார்பை மறைத்துத் தோள்சீலை போடும் உரிமைக்காகத் திருவிதாங்கூரில் நடந்த போராட்டம் உண்டு. மிஷனரிகள் பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடெண்டுக்கும் சென்னை அரசுக்கும் எழுதினார்கள், அது பெரிய உதவி. ஆனால் சந்தையில் துணி கிழிக்கப்படும் என்று தெரிந்தும் சீலை போட்டுக்கொண்டு போனது பெண்கள். அடி யாருக்கு விழுமோ அவர்களே முன்னால் நடந்தார்கள். 1859 ஜூலை 26 அன்று வந்த அரசாணைகூட முழுதாக வரவில்லை. உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள், எழுதியதற்காக அல்ல, கேட்காமல் எழுதியதற்காக. பிறகு அந்த நான்கு பேர் வீட்டுக்கும் போங்கள். கைபேசியைப் பையில் வைத்துவிட்டு, அண்டி எண்ணெய் பட்டுத் தோல் கருத்த அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். அவர்களுக்கு முதல் குறை கழிப்பறையாக இல்லாமலும் இருக்கலாம், பி.எஃப். பணமாக இருக்கலாம், கூலிப் பாக்கியாக இருக்கலாம். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, யார் பெயரை வெளியே விடக் கூடாது என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அவர்களிடம் சொல்லுங்கள். தொழிற்சாலைகளில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சொல்லப்பட்டது. புகார் கொடுத்தது யார் என்பதை ஆய்வாளர் ரகசியமாக வைக்க வேண்டும், புகார் வந்ததால்தான் சோதனைக்கு வந்தேன் என்றுகூட நிர்வாகத்திடம் சொல்லக் கூடாது என்ற விதி 1987 திருத்தத்தில் சேர்ந்தது. ஃபேஸ்புக்கில் அந்த மறைவு இல்லை. நீங்கள் எழுதிய அன்று உங்கள் அம்மாவுக்குக் கிடைக்காமல் போனது அந்த மறைவுதான்.

பதிவை நீக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. அதையும் அவர்களிடமே கேளுங்கள். நீக்கச் சொன்னால் வாதாடாமல் நீக்கிவிடுங்கள்.

அவர்கள் சரி என்றால் மனு எழுத நான் வருகிறேன். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதானே விடுமுறை? பூசை முடிந்து சமையலும் ஆன பிறகு, அம்மாவுக்கு வசதிப்படும் நேரத்தைக் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்